பீன்ஸுக்குக் குளிர் ஆகாது

தேவதானப்பட்டியைத் தாண்டி காட்ரோட்டில் நின்று வடக்கே நிமிர்ந்தால் பழனி மலை நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கிறது. கொடைக்கானல் பாதை இங்கேதான் மலையேறத் தொடங்குகிறது. அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே மாந்தோப்பில் வியர்த்து வழிகிற அதே மதியத்தில் மேலே பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும், ஸ்வெட்டரைத் தேடுவார்கள்.

அந்தக் குளிரில் விளைந்து இறங்குவதால்தான் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸ் எல்லாவற்றையும் 'மலைக்காய்' என்று ஒரே கூடையில் போட்டுவிட்டோம். கேரட்டுக்கும் பூண்டுக்கும் குளிர் பிடிக்கும், சரி. பீன்ஸ் அந்த ஜாதி இல்லை. அதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, ஆண்டிஸ் மலைச்சரிவுகள். இதமான வெயிலுக்குப் பழகிய செடி அது. ஒரே ஒரு உறைபனி இரவில் செத்துப்போகும். கொடைக்கானல் விவசாயி ஆண்டுதோறும் செய்வது, குளிருக்கு ஆகாத ஒரு பயிரைக் குளிர் ஊரில், குளிர் கண்ணசரும் மாதங்களுக்குள் விளைத்து எடுத்துவிடுகிற வேலை.

சிக்கல் விதையிலேயே ஆரம்பிக்கிறது. காய்ந்த பீன்ஸ் விதை மண்ணில் விழுந்ததும் முதல் சில மணி நேரத்தில் வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அப்போது அந்த ஈரம் சில்லென்று இருந்தால் உள்ளே இருக்கும் செல்களின் மெல்லிய சவ்வுகள் சரியாக விரியாமல் கிழிந்து, சர்க்கரைச் சத்து வெளியே கசியும். அந்தச் சத்தை மோப்பம் பிடித்து மண்ணிலுள்ள பூஞ்சாணம் வந்து சேரும். பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் விதை இருந்த இடத்தில் கொழகொழவென்று ஒரு பழுப்புக் கூழ்தான் மிஞ்சியிருக்கும். மண் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அவசரப்பட்டு விதைத்தவருக்குக் கிடைக்கும் பலன் இதுதான். அதே விதை இருபது இருபத்தைந்து டிகிரி மண்ணில் ஒரு வாரம் பத்து நாளில் வளைந்த கழுத்தோடு மேலே வந்துவிடும். குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் பாத்தியை மேடாக்கி, கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மண்ணைச் சூடேற்றுவது இதற்காகத்தான். வேர் முடிச்சுகளில் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவும் குளிர்ந்த மண்ணில் சோம்பிக் கிடக்கும்.

அடுத்த எதிரி உறைபனி. கொடைக்கானலில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத, காற்றடிக்காத இரவுகளில் அது விழும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஏரியை ஒட்டிய தாழ்வான புல்வெளிகள் விடிகாலையில் வெளுத்துக் கிடக்கின்றன, சற்று மேலே உள்ள படிக்கட்டுப் பாத்திகள் தப்பித்துக்கொள்கின்றன. மலையில் நிலம் வாங்குகிறவர்கள் பள்ளத்துத் தண்ணீர் வசதியைப் பார்ப்பார்கள். பீன்ஸ் போடுகிறவர் அந்தப் பள்ளத்துப் பனியையும் பார்க்க வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடி வைப்பார்கள். ஏக்கர் கணக்கில் போட்ட பயிரை அப்படி மூட முடியாது. நீலகிரியில் அதிகாலையில் ஸ்பிரிங்ளர் ஓடவிட்டுச் சமாளிக்கப் பார்க்கிறார்கள்.

இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் மழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மலையை நனைக்கும்போது இலையில் துரு நோயும் காயில் புள்ளியும் வரும். ஆக, மாசி பங்குனியில் விதைத்து, மழை வலுக்கும் முன் பறித்து முடிப்பதுதான் மேல்மலையின் பாதுகாப்பான கணக்கு.

எந்த பீன்ஸ் என்பதையும் நாள் கணக்குதான் முடிவு செய்யும். செடி பீன்ஸ் ஐம்பது அறுபது நாளில் பறிப்புக்கு வந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். கொடி பீன்ஸ் குச்சி நட்டு ஏற்ற வேண்டும், கூலி கூடுதல், காய்க்கவும் நாளாகும். ஆனால் வாரக்கணக்கில் காய் தரும். கீழ்மலையில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'டி.கே.டி 1' என்ற கொடி ரகத்தைக் கொடுத்தது. சுற்றுலாப் பயணிகள் பை நிறைய வாங்கிப் போகும் பட்டர் பீன்ஸுக்கோ பொறுமை வேண்டும். அதில் பிஞ்சுக் காய் உதவாது. உள்ளே பருப்பு முற்றித் திரளும்வரை காத்திருக்க வேண்டும். அதன் விலையில் அந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு.

இமயமலையில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். உத்தரகாண்டில் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹர்சில் குளிர்காலத்தில் பனிக்குள் போய்விடும். கோடை தொடங்கி விதைத்து, பனி திரும்புவதற்குள் காயவைத்து எடுத்த ராஜ்மாதான் அந்த ஊரின் பெருமை. அதே மாநிலத்தின் முன்சியாரி ராஜ்மாவுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

டொரோண்டோவில் வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் போடும் தமிழர்களுக்கு வேறொரு தலைவலி. அங்கே பனிப் பயம் நீங்க மே மாதம் பாதியாவது போக வேண்டும். அக்டோபரில் பனி திரும்பிவிடும். இடையில் கொடி காடாகப் படரும், பூ மட்டும் வராது. நம் பாரம்பரிய அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும் இனம். தேனியில் மிக நீண்ட பகல்கூட பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. டொரோண்டோவின் ஜூன் பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். செப்டம்பரில் பகல் சுருங்கி மொட்டு வைக்கும்போது பனி வாசலுக்கு வந்துவிடும். அங்கிருப்பவர்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்துச்செடி அவரையையோ செடி பீன்ஸையோ போட்டால் ஏமாற்றம் இல்லை.

பீன்ஸுக்குக் குளிர் ஆகாது என்பதால் வெயில் ஆகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. முப்பது டிகிரியைத் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும். 2024 மே மாதம் மலையில் மழை பொய்த்து வெயில் ஏறியபோது, சென்னையில் பீன்ஸ் கிலோ 200 ரூபாயைத் தொட்டது.

அடிவாரத்து வீட்டுத் தோட்டக்காரருக்கும் ஒரு பருவம் இருக்கிறது. தேனி, பெரியகுளம் பக்கம் உறைபனி கிடையாது. அக்டோபர், நவம்பரில் செடி பீன்ஸ் விதையை ஊன்றி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் தை மாதத்துக்குள் பறிக்கலாம். மாசி வெயில் ஏறிய பிறகு அந்தச் செடியிடம் பூவை எதிர்பார்க்காதீர்கள். பிடுங்கிவிட்டு வெண்டை போடுங்கள்.