வடகடல் வடிசாலைகள் – 7: லாஃப்ராய்க்

சென்ற வாரம் ஸ்பே நதிக்கரையின் மென்மையான மதுவகைகளோடு பழகிய வாசகர்கள், இந்த வாரம் மேற்குக் கடலில் உள்ள ஐலா தீவுக்கு வரும்போது மனத்தைச் சற்றுத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். தீவின் தென்கரையில், போர்ட் எல்லன் துறைமுகத்திலிருந்து கிழக்கே செல்லும் பாதையில் லாஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்னும் மூன்று வடிசாலைகள் ஒன்றையொன்று அடுத்துக் கடலைப் பார்த்து நிற்கின்றன. அவற்றுள் முதலாவதன் மதுவை முகர்ந்தவுடன் கார்பாலிக் நெடியும், தாரின் காரமும், கரையில் ஒதுங்கிய கடற்பாசியின் உப்பு வாசனையும் முன்வந்து நிற்கும். இதனைக் குற்றமாகக் கருதி ஒதுக்குவோர் ஸ்காட்லாந்திலேயே உண்டு. என் அபிப்பிராயத்தில், ஒரு பிரதேசத்தின் மண்ணை இவ்வளவு ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கும் பானம் வேறில்லை.

அந்தத் தீவில் விறகுக்கு ஏற்ற காடு அருமை. பூமி எங்கும் சதுப்பு. அச்சதுப்பில் பாசியும் புல்லும் ஹெதர் செடியும் காற்றுப் புகாத நீரில் முற்றும் அழியாமலே மக்கி, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பீட் என்னும் எரிபொருளாகின்றன. அதைத் துண்டுகளாக வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி அடுப்பெரிப்பது தீவு மக்களின் பூர்வீக வழக்கம். லாஃப்ராய்க்கில், தண்ணீரில் ஊறிய பார்லியைத் தளத்தில் பரப்பி, களத்தில் நெல்லைத் துழாவுவதுபோல் மரப்பலகைகளால் புரட்டி, முளைவிட்ட பக்குவத்தில் சூளைக்குக் கொண்டுபோய், ஈரம் உலருமுன்பே பீட்டின் புகையை அதன்மேல் ஏற விடுகிறார்கள். இவ்வாறு முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டில், இன்று தேவைப்படுவதில் பெரும்பகுதி வெளி ஆலைகளிலிருந்து வருகிறதாயினும், ஒரு பங்கை இந்தப் பழைய முறையில் தாங்களே தயாரிப்பதை அவர்கள் கைவிடவில்லை. அதற்காகவே அவர்களிடம் எனக்கு மதிப்பு அதிகம். புகையிலுள்ள பீனால் என்னும் சேர்மங்கள் தானியத்தில் பற்றிக்கொள்ளும் அளவு, பத்து லட்சத்தில் 40 பங்குக்குக் குறைவதில்லை. ஆஸ்பத்திரிகளில் கிருமிநாசினியாக விளங்கிய கார்பாலிக் அமிலமும் பீனாலே. ஆகையால் மருந்து வாசனை என்பது வெறும் வர்ணனை அன்று.

1815-ல் டொனால்ட், அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் என்னும் சகோதரர் இருவர் தொடங்கிய ஸ்தாபனம் இது. இதன் கீர்த்தியைக் கண்டு, அடுத்திருந்த லாகவூலினின் அதிபர் பீட்டர் மாக்கி, தமக்கு இருந்த லாஃப்ராய்க் மதுவின் விற்பனை உரிமை கைநழுவியபின், 1908-ல் தம் வளாகத்திலேயே மால்ட் மில் என்று ஒரு சிறு வடிசாலையை அதன் ஜாடையில் கட்டினார். அதே தீவின் பீட், அதே விதமான வாலை, அதே கடற்காற்று எல்லாம் இருந்தும் லாஃப்ராய்க்கின் ருசி அங்கே கைகூடவில்லை; 1962-ல் அந்த முயற்சி மூடப்பட்டது. ஒரு மதுவின் சுபாவம் எந்த ஓர் அங்கத்தில் குடியிருக்கிறது என்று பிரித்துக் காட்ட இயலாதென்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஜான்ஸ்டன் வம்சத்தின் கடைசி அதிபரான இயன் ஹண்டர், 1923-ல் வாலைகளை இரட்டிப்பாக்கி, அமெரிக்காவில் போர்பன் மது வைத்திருந்த ஓக் பீப்பாய்களில் தம் மதுவை முதிரச் செய்யும் பழக்கத்தையும் ஊன்றினார். அவரிடம் 1934-ல் கோடைக்காலத் தற்காலிகக் காரியாலய வேலைக்கு வந்தவர் பெஸ்ஸி வில்லியம்ஸன் என்னும் கிளாஸ்கோ பட்டதாரிப் பெண்மணி. தொழில் ரகசியத்தை எவரிடமும் நம்பிச் சொல்லாத ஹண்டர், நோயுற்றபின் நிர்வாகத்தைச் சிறுகச் சிறுக இவரிடம் ஒப்படைத்து, 1954-ல் இறந்தபோது வடிசாலையையே இவருக்கு எழுதிவைத்தார். ஸ்காட்ச் மதுத்தொழில் முழுவதும் ஆடவர் வசமிருந்த காலத்தில், 1972 வரை அங்கே தலைமை வகித்த இவரை வெறும் வாரிசாக எழுதிவிடுவது அநியாயம். ஹண்டர் காத்த சுவையை மாறாமல் காத்தவர் இவர்.

இனிச் சுவையைப் பற்றி. வாய் குறுகிய கோப்பையில் சிறிது வார்த்து, முகத்தைப் புதைக்காமல் தூரத்திலிருந்து முகர்வது நலம். பத்தாண்டு முதிர்ந்ததில் புகைக்குப் பின்னே, எதிர்பாராத ஓர் இனிமை, வெனிலாவின் சாயலுடன், போர்பன் பீப்பாய் கொடுத்த உபகாரமாக எழுகிறது; சில சொட்டுத் தண்ணீர் விட்டால் அது தெளிவாகி, உப்பும் புகையும் நெடுநேரம் நாவில் தங்குகின்றன. குவார்ட்டர் காஸ்க் என்னும் மற்றொன்று, சிறிய பீப்பாய்களில் இரண்டாம் முறை வைக்கப்படுவதால் மரத்துடன் உறவு நெருங்கி, 48 சதவீத வலிமையோடு, அதிகத் தித்திப்பும் காரமும் கொண்டு வருகிறது. முதலில் கவர்வது அதுவேயெனினும், மரம் அங்கே புகைக்கு முன்னே நின்று பேசுகிறது. சதுப்பின் குரலைக் கேட்க விரும்புவோர்க்குப் பத்தாண்டு மதுவையே சிபாரிசு செய்வேன்.

(தொடரும்)