டாலி ஆகாத கணக்கு!

பி.காம். கடைசி வருஷம். காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சை. நான் படித்தது கத்தோலிக்க சாமியார்கள் நடத்தும் காலேஜ். காலை ஒன்பதரைக்கு அங்கே இருந்த சின்ன சர்ச்சில் எள் போட்டால் எள் விழாது! வருஷம் முழுக்க அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள் மெழுகுவத்தியும் கையுமாக நிற்பார்கள்.

நெற்றியில் விபூதியோடு நானும் நின்றேன். முந்தின நாள் மீனாட்சியம்மனுக்கு அர்ச்சனை, தல்லாகுளம் பெருமாளுக்கு ஒரு கும்பிடு, இன்று மாதாவுக்கு மெழுகுவத்தி. ரிஸ்க்கை ஒரே இடத்தில் போடாதே என்று பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே!

என் பெஞ்ச்மேட் கத்தோலிக்கப் பையன். உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். அவனை மட்டும் அங்கே காணோம். வெளியே மரத்தடியில் நின்றிருந்தான்.

"ஏண்டா மாப்ளே, உன் சாமிதானே? நீயே வரலேன்னா எப்படி?"

"நேத்தே பேசிட்டேன்டா. ரெக்கமண்டேஷன் எல்லாம் கேக்கலை. வா, காபி குடிப்போம்."

காலேஜில் கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பு, மற்றவர்களுக்கு நீதிபோதனை. இரண்டிலும் பையன்கள் சமமாகத் தூங்குவார்கள். மத நல்லிணக்கம் என்றால் இதுதான்! ஆனால், அவன் பக்தி வகுப்போடு நிற்கவில்லை. ‘ஐக்கஃப்’பில் மெம்பர். அகில இந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் அமைப்பு. 1924-ல் ஃபாதர் கார்ட்டி என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது.

ஒருநாள், "ஞாயித்துக்கிழமை கேம்ப், வர்றியா?" என்றான். திரும்பும்போது புரோட்டா வாங்கித் தருவதாகச் சொன்னதால் போனேன். ஒரு கிராமத்து ஊருணியில் தூர் வாரும் வேலை. பதினொரு மணிக்குள் என் உள்ளங்கை இரண்டும் கொப்பளம். பேலன்ஸ்ஷீட் போட்ட கை, மண்வெட்டியைத் தாங்குமா?

பாட்டி ஒருவர் சொம்பில் கம்பங்கூழ் கொண்டுவந்தார்.

"எந்தக் கட்சிப்பா நீங்க?"

"கட்சியில்லே பாட்டி, காலேஜு."

"ஓட்டுக் கேட்டு வரலியா?"

"இல்லே பாட்டி."

"வேதத்துல சேரச் சொல்லி வந்தீகளோ?"

"அதுவும் இல்லே."

பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் எதுக்குய்யா வந்தீக?"

பெஞ்ச்மேட் பதிலே சொல்லவில்லை. கூழைக் குடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

ராத்திரி கிளம்புவதற்கு முன் பையன்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷம் ஜெபம். ஆளுக்கொரு வார்த்தை. அவன் முறை வந்தது. "ஆண்டவரே, பாட்டி கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியலை. தெரியவையுங்க" என்றான். அவ்வளவுதான். பரீட்சையும் இல்லை, வேலையும் இல்லை, எந்த டிமாண்டும் இல்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில்தான் ஃபாதர் செய்ராக் பற்றிச் சொன்னான். பியர் செய்ராக், 1914-ல் பிரான்ஸில் பிறந்தவர். 1937-ல் இந்தியா வந்து தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். 1952 முதல் 1967 வரை ஐக்கஃப்பின் தேசிய ஆன்மிக வழிகாட்டி. ஜெபமாலையோடு நிறுத்திக்கொள்ளாமல், மாணவர்களைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் அழைத்துப் போனவர்.

1967-ல் அவர் வந்து இறங்கிய இடம் நம் மானாமதுரைப் பக்கம். அன்றைக்கு அது ராமநாதபுரம் மாவட்டம். கச்சேரிக் கடம் செய்வதில் பேர் பெற்ற ஊர். கடம் செய்ய மண் இருந்தது; குடத்தில் பிடிக்கத்தான் தண்ணீர் இல்லை! வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் விதைநெல்லும் போச்சு, கடனும் ஏறும். ஆனால், நிலத்தில் ஒரு கிணறு இருந்தால்? ஒரு போகமாவது நிச்சயம். செய்ராக் ஆரம்பித்த திட்டத்தின் பேரே ‘ஆயிரம் கிணறு’!

வேடிக்கை என்னவென்றால், அவருடைய அண்ணன் பிரான்ஷுவா, 1972 முதல் 1981 வரை பிரான்ஸ் நாட்டு முதலாளிகள் கூட்டமைப்பின் தலைவர். அங்கே அண்ணன் லாபக் கணக்குப் பார்க்க, இங்கே தம்பி கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறார்!

1970-ல் பூண்டி மாநாட்டில், ஒடுக்கப்பட்ட ஜனங்கள் பக்கம் நிற்பதுதான் தங்கள் வழி என்று ஐக்கஃப் மாணவர்கள் அறிவித்தார்கள். அதே 1970-ல்தான் மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் ஏசு சபையார் அருள் ஆனந்தர் கல்லூரியைத் தொடங்கினார்கள். டவுனில் இல்லை, காட்டுக்கும் கழனிக்கும் நடுவில்.

செய்ராக் 1980-ல் தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளிடம் போய்ப் பத்து வருஷத்துக்கும் மேல் இருந்தார். பிறகு தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தார். 2012-ல் சென்னையில் காலமானபோது வயது 98.

காமர்ஸ் படித்தவன் புத்தி எனக்கு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு வேண்டும். நான் ஏற்றிய மெழுகுவத்தியும் அப்படித்தான்: இந்தப் பக்கம் மெழுகுவத்தி, அந்தப் பக்கம் பாஸ் மார்க். இவர்கள் கணக்கிலோ செலவு மட்டும் எழுதியிருக்கிறது, வரவுப் பக்கம் காலி. எப்படிக் கூட்டினாலும் டாலி ஆகவில்லை. அதைத்தான் விசுவாசம் என்கிறார்களோ என்னவோ!

அடுத்த மாசமும் அவன் கூப்பிட்டான். "டியூஷன் இருக்குடா" என்றேன். அதற்கடுத்த மாசம் அவன் கூப்பிடவில்லை.

அந்தக் காஸ்ட் அக்கவுன்டிங்கில் நான் ஜஸ்ட் பாஸ். மெழுகுவத்தி போட்ட முதலுக்கு மோசமில்லை. இப்போது ஏ.சி. ஆபீஸில் அடுத்தவர் கணக்கை டாலி செய்து கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டி.வி., மட்டன் குழம்பு, மத்தியானத் தூக்கம். கையில் கொப்பளம் எப்போதோ ஆறிப்போச்சு.

ஆனால், தூக்கம் கலைகிற சாயங்கால வேளையில், சொம்பும் கையுமாக அந்தப் பாட்டி வந்து நிற்கிறார். "எதுக்குய்யா வந்தீக?"

அது ஊருணியைப் பற்றிய கேள்வி மட்டும்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்!