சி மொழியில் ஒரு பெயரை வாங்குவது எப்படி?

முதலாம் ஆண்டில் சி மொழி பயிலும் நம் மாணவர்கள் பலர், பயனரிடம் பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் நிரலைத்தான் முதலில் எழுதுவார்கள். எண்ணை வாங்குவது எளிது. அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். பெயர் அப்படியன்று. பயனர் எவ்வளவு நீளத்திற்குத் தட்டுவார் என்று யாருக்குத் தெரியும்?

பாடநூல்கள் முதலில் காட்டும் ஸ்கேன்எஃப், சரத்தைப் படிக்கும்போது இடைவெளியைக் கண்டதும் நின்றுவிடும். 'கவிதா முருகன்' என்று தட்டினால் 'கவிதா' மட்டுமே கிடைக்கும். 'முருகன்' உள்ளீட்டு வரிசையில் காத்திருப்பார். அடுத்து வயதைக் கேட்டால், பயனர் விசையைத் தொடும் முன்பே அவர் வந்து நிற்பார், வயது நிரம்பாது.

கெட்ஸ் முழு வரியையும் வாங்கும். ஆனால் இடம் எவ்வளவு என்று கேட்கவே கேட்காது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளுள் ஒன்று இதுதான்: 512 பைட் இடத்தில் அதற்கு மேற்பட்டதைத் திணித்தது. 2011இல் வந்த சி தர வரையறை கெட்ஸை நீக்கிவிட்டது. பழைய நூல்களில் அதைக் கண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எஃப்கெட்ஸ் அளவைக் கேட்டுப் படிக்கும். 20 பைட் என்றால் 19ஐப் படித்து, முடிவுக் குறிக்கு ஒன்றை ஒதுக்கும். இங்கேதான் தமிழ் நமக்கொரு பாடம் நடத்துகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'கவிதா' என்பதில் க, வ, இகரக் குறி, த, கால் என ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட். இடைவெளி ஒன்று, அடுத்த 'ம' மூன்று. பத்தொன்பது தீர்ந்தது! கணினி 'கவிதா ம' என்று வணங்கும். முழுப்பெயருக்கு முடிவுக் குறியோடு 38 பைட் வேண்டும்.

நூறு, இருநூறு என்று ஒதுக்கலாமே என்பீர்கள். வீட்டுப்பாடத்திற்குப் போதும். ஆனால் கட்டுரையையே ஒருவர் ஒட்டினால்? அதற்குத்தான் மாலோக். முதலில் 16 பைட் கேளுங்கள். எழுத்தெழுத்தாகப் படித்து, நிரம்பும்போது ரீயாலோக் மூலம் இரட்டிப்பாக்குங்கள். நம் கவிதாவுக்கு 16, 32, 64 என இருமுறை வளர்த்தால் போதும். ரீயாலோக் தரும் முகவரியைப் பழைய சுட்டியிலேயே நேராக இடாதீர்கள். இடம் கிடைக்காதபோது அது வெற்று முகவரியைத் தரும். அதுவரை படித்தது நினைவகத்தில் இருந்தும் அதை எட்ட வழியிராது. தற்காலிகச் சுட்டியில் வாங்கிச் சோதித்த பின்னரே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஃப்ரீ, ஒரே ஒரு முறை.

இன்னொன்று. அணியைச் சுட்டியாக மாற்றியபின் சைஸ்ஆஃப் நீங்கள் ஒதுக்கிய அளவைச் சொல்லாது. சுட்டியின் அளவையே சொல்லும். 64 பிட் கணினியில் பொதுவாக அது 8. அதை எஃப்கெட்ஸிடம் கொடுத்தால் கவிதாவின் பெயரில் 'கவ' தேறும். அதன்பின் எழுத்தாகாத ஒரு துண்டு பைட் ஒட்டிக்கொண்டிருக்கும்.