வலி வந்தாச்சா? செல்போனில் கணக்குப் பார்ப்போம்



நம்ம குழுக்களில் கணக்கு எழுதத் தெரியாதவர் யாரும் இல்லை. சந்தா எவ்வளவு, கடன் தவணை எத்தனை பாக்கி, வட்டி எவ்வளவு என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். ஆனால் வீட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவ வலி வந்தால் மட்டும் அது வாய்க்கணக்காகவே போய்விடுகிறது. "ராத்திரியிலிருந்து விட்டு விட்டு வலிக்குதாம்" என்பதோடு சரி. எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம், ஒவ்வொரு தரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நர்ஸம்மா கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அந்தக் கணக்கை கையில் இருக்கும் செல்போனை வைத்தே எடுப்பது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். சரியான வலி வருவதற்கு முன்னாலேயே வண்டி பிடித்துப் போனால், "இன்னும் நேரம் இருக்கு, வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வண்டி வாடகை போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், திரும்பி வந்த பெண்ணை வீட்டில் கேலி பேசுவது. ஒரு தரம் அப்படித் திரும்பி வந்தவள், அடுத்த முறை நிஜமாகவே வலி எடுத்தாலும் வாயைத் திறக்கத் தயங்குவாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். வண்டியிலும் வழியிலும் பிரசவம் ஆவதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம். ஒரு சீட்டில் நேரம் எழுதியிருந்தால் அவள் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். சீட்டை நீட்டினால் போதும்.

முதலில் வலி என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். கர்ப்பப்பை என்பது ஒரு தசைப்பை. அது இறுகும், பிறகு தளரும். ஒவ்வொரு தரம் இறுகும்போதும் கர்ப்பப்பையின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. முழுதாகத் திறந்தால் 10 செ.மீ. தலைப்பிரசவத்தில் 5 செ.மீ. திறந்த பிறகு முழுதும் திறக்கப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பலருக்கு அதைவிடச் சீக்கிரமாகவே முடிந்துவிடும். "முதல் பிள்ளைக்கு ஒரு நாள் பூரா ஆச்சே, இதுக்கும் ஆகும்" என்று இரண்டாவது பிரசவத்தில் அசந்து இருக்கக் கூடாது.

கடைசி மாதங்களில் வயிறு இறுகி விடுவதெல்லாம் பிரசவ வலி இல்லை. இதைத்தான் நம்ம பாட்டிமார் சூட்டு வலி என்றார்கள். இங்கிலாந்து மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-ல் இதைப்பற்றி எழுதியதால் மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெயர் அவருடையதாக இருந்தாலும் விஷயம் நம்ம ஊர்க் கிழவிகளுக்கும் தெரிந்ததுதான்! சீரகத் தண்ணீர் கொடுத்து, வெந்நீர் ஊற்றிவிட்டு, வலி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிஜ வலி. அந்த யோசனையில் தப்பில்லை. அதோடு மணியையும் பார்த்தால் சந்தேகம் குறையும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, வலி எவ்வளவு நேரம் நிற்கிறது. இரண்டு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் வருகிறது. இரண்டாவதில்தான் குழப்பம் வரும். ஒரு வலி முடிந்து அடுத்த வலி வரும்வரை எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படி எண்ணக் கூடாது. ஒரு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கிய நேரம் வரை எண்ண வேண்டும்.

ஒரு உதாரணம் பாருங்கள். ராத்திரி 2.10-க்கு வயிறு இறுகத் தொடங்கி 40 வினாடி நின்றது. அடுத்தது 2.19-க்கு, 45 வினாடி. அதற்கடுத்தது 2.27-க்கு, அதுவும் 45 வினாடி. பிறகு 2.34-க்கு, 50 வினாடி. இடைவெளி 9, 8, 7 நிமிடம் என்று குறைகிறது, வலி நிற்கும் நேரம் கூடுகிறது. இது நிஜ வலி போலத்தான் தெரிகிறது, தயாராகிவிட வேண்டும். அதே ராத்திரி இன்னொரு பெண்ணுக்கு 2.10, 2.25, 2.31, 2.52 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடம், 6 நிமிடம், 21 நிமிடம். ஒழுங்கே இல்லை. எழுந்து நடந்தால் அடங்கியும் விடுகிறது. இது பெரும்பாலும் சூட்டு வலி. இருந்தாலும் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

பட்டன் போனாக இருந்தால் அதில் மணி தெரிகிறதே, அதுவே போதும். வலி தொடங்கும்போது மணியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வினாடி பார்க்க பல பட்டன் போன்களில் ஸ்டாப்வாட்ச் உண்டு. டச் போனில் கடிகாரத்தைத் திறந்தால் ஸ்டாப்வாட்ச் இருக்கும். வலி தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு. இதற்கென்றே தனி செயலிகளும் இருக்கின்றன. அவை இடைவெளியைத் தானாகவே கணக்கிட்டுக் காட்டும். வசதிதான். ஆனால் "இப்போது போகலாம்", "இன்னும் காத்திருக்கலாம்" என்று செயலி சொல்வதை வேதவாக்காக எடுக்காதீர்கள். உங்கள் ஊர் ரோடு எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்ததும் தெரியாது. நம்மைக் கேட்டால் பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருப்பது நல்லது. சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு இருக்கும்.

வலிப்பவளே போனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கூட இருக்கும் அம்மாவோ, மாமியாரோ, நாத்தனாரோ செய்யலாம். வயிற்றின் மேல்பக்கம் உள்ளங்கையை லேசாக வைத்தால் கல் மாதிரி இறுகுவதும் பிறகு இளகுவதும் கைக்குத் தெரியும். இந்த வேலையைக் கணவரும் செய்யலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் இருப்பது ஒரே போன். அது கணவரோடு வேலைக்குப் போய்விடும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பகலில் யார் வீட்டுப் போன், ராத்திரியில் யார் வீட்டுப் போன் என்று குழுக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். சார்ஜ் போட்டு வைப்பதும் அந்த வீட்டார் பொறுப்பு.

எப்போது கிளம்புவது? பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 5 நிமிடத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம். இது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் தலைப்பிரசவத்துக்கும் பொருந்தும். கொல்லிமலையில் இருந்து கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே உட்கார்ந்து 5 நிமிடம் வரட்டும் என்று காத்திருக்க முடியுமா? தூரத்தில் இருக்கிறவர்களும், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களும், வலி ஒழுங்காக 10 நிமிடத்துக்கு ஒரு தரம் வரத் தொடங்கியதுமே கிளம்பிவிடுவது நல்லது. வண்டி வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறை உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.

கணக்கே பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது (தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்), பிள்ளை அசைவு குறைவது, கடுமையான தலைவலி, கண் மங்குவது, வலிப்பு, காய்ச்சல், இடையில் விடாமல் நிற்கும் வலி, 10 நிமிடத்துக்குள் 5 தரத்துக்கு மேல் வரும் வலி. 37 வாரம் முடியும் முன்பே வலி எடுத்தாலும், முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தாலும், இரட்டைப் பிள்ளை என்றாலும், பிள்ளை தலை கீழே திரும்பவில்லை என்று சொல்லியிருந்தாலும் போனை வைத்து எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். முக்கத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால், அவசரப்பட்டு பைக்கில் ஏற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐயும் செவிலியரையும் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர் பிரசவம் பார்க்கப் பயிற்சி எடுத்தவர்.

ஆஸ்பத்திரியிலும் நடப்பது இதே கணக்குதான். 1972-ல் பில்பாட் என்ற மருத்துவர், இன்று ஜிம்பாப்வே என்று சொல்லும் நாட்டில், பிரசவம் எப்படிப் போகிறது என்பதை மணிக்கணக்கோடு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். தூரத்துக் கிராமங்களில் இருந்த மருத்துவச்சிகள், எந்தத் தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் அது. நம்மைப் போலவே தூரம்தான் அவர்களுக்கும் பிரச்சினை!

போனதும் உங்கள் சீட்டை தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து நர்ஸம்மாவிடம் கொடுங்கள். "ரெண்டு மணிக்கு 9 நிமிஷத்துக்கு ஒண்ணு, இப்ப 5 நிமிஷத்துக்கு ஒண்ணு" என்று வாயாலும் சொல்லுங்கள். அவர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, தாமே வயிற்றில் கை வைத்து 10 நிமிடம் எண்ணத் தொடங்கலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம். 10 நிமிடத்தில் எத்தனை தரம், ஒவ்வொன்றும் எத்தனை வினாடி என்று அவர் எண்ணி எழுதியாக வேண்டும். வீட்டில் எப்போது தொடங்கியது என்பது மட்டும் உங்கள் சீட்டில்தான் இருக்கிறது. அவர் திரும்பக் கேட்பார்.