முதியோர் இல்லத்தில் மதியம் 3 மணிக்கு என்ன நடக்கிறது? நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி

அப்பா அம்மாவுக்காக ஒரு முதியோர் இல்லத்தையோ பகல்நேரப் பராமரிப்பு மையத்தையோ பார்க்கப் போகிறீர்கள். மாதம் எவ்வளவு, டாக்டர் வருவாரா, சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஆனா, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே இருக்கும் நீண்ட பொழுதை யார் பார்த்துக்கொள்கிறார்?

அதற்குப் பொறுப்பானவர்தான் 'ஆக்டிவிட்டி கோஆர்டினேட்டர்'. டிவியைப் போட்டுவிட்டுப் போவது இவர் வேலை இல்லை. இது பயிற்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

ஏன் இப்போது முக்கியம்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடி. 2050-ல் இது 34.7 கோடியாகும் என்கிறது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை. அதாவது ஐந்தில் ஒருவர். 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4% பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 'லாசி-டாட்' ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

பயிற்சியில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

* ஆளைத் தெரிந்துகொள்வது: தையல்காரராக இருந்தவருக்குப் பட்டன்களை நிறம் பார்த்துப் பிரிப்பது கைப்பழக்கம். அதையே ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் கொடுத்தால், "என்னைக் குழந்தைன்னு நினைச்சீங்களா?" என்று கோபப்படலாம்.
* உடலுக்கு ஏற்ப மாற்றுவது: குனிந்து கோலம் போட முடியாதவருக்கு மேசை மேல் ஒரு தட்டில் மாவு. விழும் ஆபத்து உள்ளவருக்கு நாற்காலியில் உட்கார்ந்தே உடற்பயிற்சி.
* பேசும் விதம்: டிமென்ஷியா உள்ளவரிடம் "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. பெயரை நாமே சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டும்.
* 'வேண்டாம்' என்பதை மதிப்பது: பஜனை பிடிக்காதவரைப் பஜனையில் உட்கார வைப்பது பராமரிப்பு இல்லை.

இதனால் பலன் உண்டா?

உண்டு. பிரிட்டனில் உருவான 'காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி' ஓர் உதாரணம். லேசான அல்லது நடுத்தர நிலை டிமென்ஷியா உள்ளவர்கள் வாரம் இரண்டு முறை, ஏழு வாரங்களுக்கு, மொத்தம் 14 அமர்வுகளில் குழுவாகக் கூடிப் பேசி, விளையாடி, யோசிப்பார்கள். 2003-ல் வெளியான ஆய்வில் அவர்களின் சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. நோய் குணமாகாது, ஆனால் அன்றாடம் கொஞ்சம் மேம்படும். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு இந்த முறையை இங்குள்ளவர்களுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மத்திய அரசின் திட்டங்களில் சேர்ந்த நர்சிங் ஹோம்களில், தகுதிபெற்ற ஒருவர்தான் இந்தச் செயல்பாடுகளை வழிநடத்த வேண்டும். மாநிலம் அங்கீகரித்த பயிற்சியை முடித்திருப்பது அந்தத் தகுதிகளில் ஒன்று.

இந்தியாவில் 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, இல்லவாசிகளின் மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கையும் குறிப்பிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதை யார் நடத்த வேண்டும், அவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புப் பயிற்சிகள் நடத்துகிறது. 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' போன்ற திறன் பயிற்சிகளும் உண்டு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பதுதான் அதில் பிரதானம். பொழுதைத் திட்டமிடுவது தனித் திறமை.

நீங்கள் என்ன கேட்கலாம்?

1. செயல்பாடுகளுக்கென்று தனி ஆள் இருக்கிறாரா? என்ன பயிற்சி பெற்றிருக்கிறார்?
2. சேரும்போது எங்க அப்பாவின் வேலை, விருப்பம் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வீர்களா?
3. படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?
4. போன வாரத்துக்கான பதிவேட்டைப் பார்க்கலாமா?

முடிந்தால் மதியம் 3 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லாரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் கேள்விக்கான பதில் ஓரளவு கிடைத்துவிட்டது. முதியோர் தொடர்பான வழிகாட்டுதலுக்கும் புகார்களுக்கும் மத்திய அரசின் இலவச உதவி எண் 14567.