கோடியக்கரையில் இளைப்பாறும் பறவைகள்

காந்திபுரத்திலிருந்து கடலைக் காண வேண்டுமெனில் மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடக்க வேண்டும். அல்லது கிழக்கே காவிரிப் படுகையின் எல்லை வரை செல்ல வேண்டும். சிகிச்சையில் இருப்போருக்கும் அவர்களுக்குத் துணையிருப்போருக்கும் இப்போது அப்பயணம் எளிதன்று. ஆகவே, நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையை இவ்விதழுக்குள் அழைத்து வருகிறோம்.

தெற்கு நோக்கி வரும் சோழமண்டலக் கடற்கரை இம்முனையில் சட்டென மேற்கே திரும்புகிறது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக் நீரிணை. அருகே சேற்று நிலங்களும் உப்பளங்களும் ஆழமற்ற கழிகளும். 1967-இல் சரணாலயமான இவ்விடம், 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் இங்கு நீரில் நிற்கும் பூநாரைக் கூட்டம் புகழ்பெற்றது. எனினும் எங்கள் மனம் அவற்றின் காலடியில் ஓடும் சிற்றுயிரையே நாடுகிறது.

அதன் பெயர் கொசு உள்ளான். எடை ஏறக்குறைய 25 கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளில் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது. வந்தபின் அதற்குள்ள வேலைகள் மூன்றே: உண்ணுதல், உறங்குதல், தேய்ந்த இறகுகளை மாற்றிக்கொள்ளுதல். சிறகுகளை ஒருசேர உதிர்த்தால் பறக்க இயலாது. எனவே ஒன்றன்பின் ஒன்றாக, வாரக்கணக்கில் அம்மாற்றம் நிகழ்கிறது. வேனிலில் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வடக்கே புறப்படும்.

கரையில் ஓய்ந்திருக்கும் கூட்டத்தை நாயோ, படமெடுக்க நெருங்கும் மனிதரோ எழுப்பிவிட்டால், ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு கரைகிறது. நலம் விசாரிக்க வருவோர் மிகுந்து உறக்கம் கெட்ட நோயாளிகளுக்கு இதனை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கடற்காகத்தின் உடலமைப்பு வேறொரு வியப்பு. பறவைகளின் சிறுநீரகத்தால் கடல்நீரின் உப்பு முழுவதையும் வெளியேற்ற இயலாது. அதற்கெனக் கண்களுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உள்ளன. அடர்ந்த உப்புநீர் நாசி வழியே வழிந்து அலகின் நுனியில் சொட்டுகிறது. உணவில் உப்பைக் குறைக்குமாறு அறிவுரை பெற்ற நம் வாசகர்கள் சற்றே பொறாமை கொள்ளலாம்!

துணையிருப்போர் ஒருநாள் காலையில் சிறிது நேரம் வெளியே செல்ல முடிந்தால், உக்கடம் பெரியகுளத்திற்குச் சென்று வரலாம். நகரப் பேருந்து போதும். கடற்கரைக் கழிகளில் திரியும் மீசை ஆலா, குளிர்காலத்தில் நம் நொய்யல் படுகைக் குளங்களுக்கும் வருகிறது. சாம்பல் கலந்த வெண்ணிறம், கூரிய நீண்ட சிறகுகள். நீருக்குச் சற்று மேலே காற்றில் தயங்கி நின்று, தலையைத் தாழ்த்தி நோக்கி, நீரில் மூழ்காமல் அலகினால் மட்டும் இரையைக் கொத்திக்கொண்டு மேலெழும்.