ரிட்டயர்மென்ட் அன்றே வீடும் கேள்விக்குறி: ரயில்வே ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் கணக்கு என்ன?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் போனால், கூடத்தில் பாதி இடத்தைத் தறியே பிடித்திருக்கும். அவருக்கு வீடுதான் வேலை செய்யும் இடம். வயதானாலும் வேலை குறையுமே தவிர, வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள்.

அதே ஊரிலிருந்து ரயில்வே வேலைக்குப் போனவர் கதை நேர் எதிர். அவருக்கு வேலைதான் வீட்டைக் கொடுத்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் மாலை போட்டு வழியனுப்புவார்கள். மறுநாளிலிருந்து குவார்ட்டர்ஸ் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது? அப்புறம் எங்கே போவது? உதவிக்கு யார் இருக்கிறார்கள்? பார்க்கலாம்.

ரயில்வே ஏன் வீடு கட்டியது?

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-ல். அரக்கோணத்திலிருந்து இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட பாதை அது. இரவு பகல் பார்க்காத வேலை என்பதால், கூப்பிட்ட குரலுக்கு ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. அதனால் ஸ்டேஷன், ஷெட், ஒர்க்‌ஷாப் இருந்த இடங்களில் எல்லாம் ரயில்வே காலனிகள் முளைத்தன. திருச்சி பொன்மலை போன்ற இடங்களில் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஓர் ஊரே உருவானது.

ஆக, குவார்ட்டர்ஸ் என்பது வேலைக்கான வசதி. முப்பது வருடம் குடியிருந்தாலும் அது சொந்தமாகாது.

எத்தனை மாதம் இருக்கலாம்?

ஓய்வு பெற்றவர் முதல் 4 மாதங்கள் வழக்கமான லைசென்ஸ் கட்டணத்தில் தங்கலாம். உடல்நலக் குறைவு, பிள்ளைகளின் படிப்பு மாதிரி காரணம் இருந்தால், அனுமதி வாங்கி, இரட்டிப்புக் கட்டணத்தில் இன்னும் 4 மாதங்கள். மொத்தம் 8 மாதம்தான்.

பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்துவிட்டால், குடும்பத்துக்கு 24 மாதங்கள் வரை அவகாசம் உண்டு.

அதற்கு மேல் இருந்தால் ‘அனுமதியில்லாத குடியிருப்பு’ ஆகிவிடும். பல மடங்கு அதிகமான டேமேஜ் ரென்ட் விழும். பொது இடங்களில் அனுமதியின்றிக் குடியிருப்போரை வெளியேற்றும் 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கையும் வரலாம்.

உண்மையான சிக்கல் எங்கே?

கிராஜுவிட்டியில்.

ஒரு உதாரணம். அரக்கோணத்தில் வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவர், 33 வருட சர்வீஸ். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி அதைப் போல 16.5 மடங்கு, அதாவது 12,37,500 ரூபாய். (இதற்கான உச்சவரம்பு 2024 ஜனவரி 1 முதல் 25 லட்சம்.)

காஞ்சிபுரத்தில் ஒரு இடத்துக்கு முன்பணம் கொடுக்க அவர் நம்பியிருப்பது இந்தத் தொகையைத்தான். ஆனால் ரயில்வே பென்ஷன் விதிகள், 1993-ன் 16-வது விதிப்படி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒப்படைக்கும் வரை முழு கிராஜுவிட்டியையும் நிறுத்திவைக்கலாம்.

வீடு வாங்கப் பணம் வேண்டும். பணம் வர வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் போக இடம் வேண்டும். இந்த வட்டத்துக்குள்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. வழி என்ன? பெரும்பாலும் வாடகை வீடுதான். ஆனால் அட்வான்ஸும் கையில் இருந்துதான் போக வேண்டும்.

ரயில்வே சார்பில் வீட்டுத் திட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. 1989-ல் தொடங்கிய இந்திய ரயில்வே நல அமைப்பு, சுருக்கமாக ஐ.ஆர்.டபிள்யூ.ஓ. பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், இறந்த ஊழியர்களின் துணைவர்கள் ஆகியோருக்காக வீடு கட்டும் சொசைட்டி இது. ‘ரயில் விஹார்’ என்ற பெயரில் பல நகரங்களில் குடியிருப்புகள் இருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற அடிப்படையில் நடக்கிறது. தர்மத்துக்குக் கொடுக்கிற வீடு கிடையாது. கட்டுமானச் செலவை வாங்குபவர்தான் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். சேமிப்பு இருப்பவருக்கு நல்ல வழி. குடும்ப பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் பெண்ணுக்கு எட்டாத வழி. வழக்கமான குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். குறைந்தபட்சத் தொகை, அகவிலை நிவாரணம் சேர்க்காமல், மாதம் 9,000 ரூபாய்.

தர்மத்துக்கு வீடு கட்டியவர்கள் எங்காவது உண்டா?

இங்கிலாந்தில் உண்டு. 1880-களில் லண்டன் கிளாப்ஹாம் பகுதியில், தந்தையை இழந்த ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கியது. அந்தக் காலத்தில் ரயில் வேலையில் விபத்து மரணங்கள் சர்வசாதாரணம். 1909-ல் அது வோக்கிங் என்ற ஊருக்கு இடம் மாறியது. பின்னாளில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இதற்கு நிதி திரட்டியதில் நாய்களுக்கும் பங்கு உண்டு! முதுகில் உண்டியல் கட்டிய நாய்கள் ஸ்டேஷன்களில் சுற்றிவரும். விம்பிள்டன் ஸ்டேஷனில் லாடி என்ற ஆண் நாய் 1949 முதல் 1956 வரை 5,000 பவுண்டுக்கு மேல் சேர்த்தது. ‘ரிட்டயர்’ ஆன பிறகு அதுவும் அந்த வோக்கிங் இல்லத்துக்கே போய்த் தங்கியது.

நாய்க்குட்டிக் கதையாகப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் இருப்பது ஒரு எளிய கணக்கு: பல பேர் போடும் சில்லறை, சில பேருக்குக் கூரை.

இங்கே அது தேவையா?

நிரந்தர ஊழியர்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, மருத்துவத்துக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை மாதிரியான வசதிகள் இருக்கின்றன. வீடு மட்டும் அவரவர் பாடு. அதிலும் திட்டமிட்டுச் சேமித்தவர் தப்பிக்கிறார். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், மருத்துவச் செலவு என்று கரைத்தவர் மாட்டிக்கொள்கிறார். ஒப்பந்தத்தில் ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு அரசு பென்ஷனும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை.

வீட்டில் ரயில்வேக்காரர் இருந்தால் என்ன செய்யலாம்?

● வீடு கட்டும் முன்பணத்தை சர்வீஸில் இருக்கும்போதே வாங்க வேண்டும். 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இதில் எது குறைவோ அதுவரை கிடைக்கும். வீட்டின் விலையையும் திருப்பிச் செலுத்தும் திறனையும் பார்ப்பார்கள். திருப்பிக் கட்ட 20 வருடம் வரை அவகாசம் உண்டு. 58 வயதில் யோசித்தால் மாதத் தவணை தாங்காது.

● கிராஜுவிட்டி உடனே வரும் என்று நம்பி யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள். வாடகை அட்வான்ஸுக்கு மட்டுமாவது தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

● கூடுதல் 4 மாதங்கள் தானாகக் கிடைக்காது. முதல் 4 மாதம் முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

● காலி செய்யும்போது மின் கட்டண பாக்கியைத் தீர்த்து, சாவி ஒப்படைத்ததற்கு எழுத்துப்பூர்வமான ரசீது வாங்குங்கள். கிராஜுவிட்டி ஃபைல் நகர்வது அந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 50 தாண்டிவிட்டதா? இந்த வார இறுதியில் ஒரு டீயோடு உட்கார்ந்து, ‘குவார்ட்டர்ஸை விட்ட பிறகு எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். வழியனுப்பு விழா அன்று கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது.